ஆக்சியாஸில் அனுப்பிய கோரிக்கைக்குப் பதில் ஏன் காலியாக வருகிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அலுவலக ஊழியர்களின் பட்டியலைச் சர்வரிலிருந்து எடுத்துவரும் ஃபங்ஷன் ஒன்றை, சர்வரோடு பேச உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான (ஆயத்த நிரல் தொகுப்பான) ஆக்சியாஸ் கொண்டு எழுதியிருக்கிறீர்கள். அது திருப்பித் தரும் மதிப்பைப் பயன்படுத்தப் போனால் 'அன்டிஃபைன்டு' (மதிப்பு ஏதும் இல்லை) என்றே வருகிறது. இரண்டு வினாடி கழித்துப் படிக்கும்படி செட்டைம்அவுட் என்ற தாமதக் கட்டளை போட்டதும் ஒயிட்ஃபீல்டில் உள்ள அலுவலகத்தில் எல்லாம் ஒழுங்காக ஓடியது; இரவு பிடிஎம் லேஅவுட்டில் நீங்கள் தங்கியிருக்கும் பிஜி விடுதியில் திறந்து பார்த்தால் பட்டியல் மறுபடியும் காலி. பட்டியலில் உள்ள 40 பேருக்கும் மீதமுள்ள விடுப்பு நாட்களை ஃபார்ஈச் சுற்றுக்குள் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கூட்டினால், கூட்டுத்தொகை எப்போதும் பூஜ்யம். ஆக்சியாஸை விட்டு, அதே வேலையைச் செய்யும் ஃபெட்சுக்கு மாறினால் இது தீருமா என்று முடித்திருக்கிறீர்கள். பார்வைக்கு இது எந்த லைப்ரரி நல்லது என்ற கேள்வி போல இருக்கிறது. உண்மையில் நீங்கள் கேட்டிருப்பது, இன்னும் வந்துசேராத ஒரு மதிப்பை நிரலில் எப்படிக் கையாள்வது என்பதைத்தான். லைப்ரரி பற்றிய பதிலை இப்போதே சொல்லிவிடலாம்: மாறினாலும் தீராது. மற்றதைச் சற்று நிதானமாக எழுதுகிறேன்.

நான் பெங்களூருவில் 14 ஆண்டுகளாக இணையப் பக்கங்களின் முன்புற நிரலை எழுதி வருகிறேன். தொடங்கியது ஜேகுவரி என்ற பழைய லைப்ரரியின் காலத்தில். இப்போது பெரும்பாலும் ரியாக்ட் என்ற லைப்ரரி. சர்வர் பக்கத்து வேலை எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஆகவே உலாவிக்குள் நடப்பதை உறுதியோடும், அதற்கு வெளியே நடப்பதைத் தயக்கத்தோடும் எழுதுவேன். முழு நிரலையும் நீங்கள் இடவில்லை என்பதால், அறிகுறிகளை வைத்து ஊகித்ததை ஊகம் என்றே குறிப்பிடுகிறேன். இன்னொரு சிறு விஷயம்: ஒத்திசைவற்ற செயலைக் குறிக்கும் அந்தச் சொல்லைத் தமிழில் 'அசிங்க்' என்று எழுதினால் கண் அதை 'அசிங்கம்' என்றே படிக்கிறது, எனவே 'ஏசிங்க்' என்று எழுதுகிறேன்.

உறுதியானது முதலில். ஓர் உலாவித் தாவலில் உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் ஒரே இழையில் ஓடுகிறது. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். ஆக்சியாஸில் தரவைக் கேட்டு வாங்கும் 'கெட்' ஃபங்ஷனை அழைத்ததும் கோரிக்கை உலாவியின் கையில் ஒப்படைக்கப்படுகிறது. நெட்வொர்க்கோடு பேசுவது இனி அதன் பொறுப்பு. உங்கள் நிரல் நின்று பார்க்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். பதில் வந்ததும், அதைக் கையாள நீங்கள் எழுதிக் கொடுத்த ஃபங்ஷன் வரிசையில் வைக்கப்படும். அந்நேரம் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் முழுவதும் முடிந்து இழை ஓய்ந்த பிறகே அதன் முறை வரும். இதன் பொருளைக் கவனியுங்கள்: சர்வர் உங்கள் மேசைக்கு அடியிலேயே இருந்து ஒரு மில்லிவினாடியில் பதில் தந்தாலும்கூட, கோரிக்கைக்கு அடுத்த வரி பதிலுக்கு முன்பே ஓடி முடிந்திருக்கும். வேகம் கூடினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை இந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். இங்கே தவறியிருப்பது வரிசை.

அப்படியானால் கோரிக்கை அனுப்பிய உடனே கைக்கு வருவது எது? ப்ராமிஸ் என்னும் பொருள். நம் ஊர் தர்ஷினிகளில் (சிற்றுண்டிக் கடைகளில்) கல்லாவில் காசு கொடுத்ததும் மசால் தோசை வருவதில்லை, சீட்டு வருகிறது; தோசை பின்னால் கல்லில் வெந்துகொண்டிருக்கிறது. உங்களைப் போலத் தொடக்கத்தில் தடுமாறும் பலர் அந்தச் சீட்டையே தட்டில் வைத்துச் சாம்பார் ஊற்றிவிடுகிறார்கள். இந்த உவமை ஓர் இடத்தில் உடையும் என்பதையும் சொல்ல வேண்டும்: சீட்டுக்கு ஒரு தோசைதான், ஆனால் ஒரே ப்ராமிஸிடம் பத்து இடங்களிலிருந்து 'வந்தால் சொல்' என்று கேட்டு வைக்கலாம், பத்துக்கும் அதே மதிப்பு போய்ச்சேரும். உங்களுக்குச் சீட்டுகூடக் கைக்கு வரவில்லை. ப்ராமிஸ் வந்திருந்தால், நிரல் அச்சிடும் செய்திகளை உலாவி காட்டும் கன்சோலில் 'பெண்டிங்' என்று தெரிந்திருக்கும்; 'அன்டிஃபைன்டு' என்று வருவதால், மதிப்பைத் திருப்பித் தரும் ரிட்டர்னை நீங்கள், பதில் வந்ததும் செய்ய வேண்டியதைச் சொல்லும் 'தென்' என்பதற்குள் கொடுத்த சிறு ஃபங்ஷனில் எழுதியிருக்கிறீர்கள், வெளி ஃபங்ஷனில் ரிட்டர்ன் இல்லை என்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லலாம். உள்ளே இருக்கும் ரிட்டர்ன் உள் ஃபங்ஷனுக்குரியது. அது வெளி ஃபங்ஷனின் வாயிலாகப் பேசாது.

கன்சோலைச் சொல்லும்போது அது செய்யும் ஒரு குறும்பையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியின் நடுவில் 'கன்சோலில் விரித்துப் பார்த்தால் பெயர்கள் இருக்கின்றன, பக்கத்தில் மட்டும் காட்டவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். குரோமின் கன்சோலில் ஒரு பட்டியலை அச்சிட்டால், சுருங்கிய நிலையில் தெரிவது அச்சிட்ட கணத்தின் நிலை. அம்புக்குறியைச் சொடுக்கி விரிக்கும்போது தெரிவது விரித்த கணத்தின் நிலை. நீங்கள் சொடுக்குவதற்குள் பதில் வந்து பட்டியலை நிரப்பிவிடுகிறது. ஆகவே அச்சிட்டபோதே அது நிரம்பியிருந்தது போன்ற தோற்றம் உண்டாகிறது. பக்கத்தில் ஒரு சிறிய 'ஐ' அடையாளம் இருக்கும். அதன் மீது சுட்டியை வைத்தால் இதையே சொல்லும், ஆனால் யாரும் வைப்பதில்லை. இந்தக் குறும்பால் இரண்டு நாள் தூக்கத்தைத் தொலைத்தவன் நான் என்பதால் நீட்டிச் சொல்கிறேன். அந்தக் கணத்தின் உண்மை நிலை வேண்டுமென்றால் பட்டியலின் நீளத்தை அச்சிடுங்கள், எண் ஏமாற்றாது.

இரண்டு வினாடித் தாமதம் அலுவலகத்தில் ஏன் பலித்தது என்பது இப்போது தெளிவாகியிருக்கும். பதில் அங்கே இரண்டு வினாடிக்குள் வந்தது, அவ்வளவுதான். அரை வினாடியில் வந்த நாட்களில் மீதி ஒன்றரை வினாடியைப் பயனர் வீணாகக் காத்திருந்தார். இரண்டு வினாடியைத் தாண்டிய நாளில் காலிப் பட்டியலைப் பார்த்தார். ஐந்தாக உயர்த்தினாலும் இதே கதைதான். என் தொடக்க ஆண்டுகளில் நான் செய்தது இதைவிட மோசம். ஜேகுவரியில் பின்னணியில் சர்வரோடு பேசும் ஏஜாக்ஸ் அழைப்பில் ஏசிங்க் என்ற தேர்வுக்கு 'ஃபால்ஸ்' கொடுத்தால் நிரல் உண்மையாகவே நின்று காத்திருக்கும் என்று யாரோ சொன்னார்கள், கொடுத்தேன், மதிப்பு உடனே கிடைத்தது, மேதை ஆகிவிட்டதாக எண்ணிக்கொண்டேன். வாடிக்கையாளர் முன்னால் காட்டும்போது சர்வர் கொஞ்சம் அசந்தது. பொத்தான் அழுந்தவில்லை, பக்கம் உருளவில்லை, ஏற்றத்தைக் காட்டும் சக்கரம்கூடப் பாதியில் உறைந்து நின்றது. இருக்கும் ஒரே இழையைக் கட்டிப்போட்டால் அதுதான் நடக்கும். முதன்மை இழையில் அப்படிக் காத்திருக்கும் அழைப்பை உலாவிகள் இப்போது எச்சரிக்கையோடுதான் அனுமதிக்கின்றன; ஃபெட்சில் அந்த வாய்ப்பே இல்லை; உலாவியில் ஓடும் ஆக்சியாஸிலும் இல்லை. இல்லாமல் இருப்பது நல்லது.

சரியான வடிவம் சிறியது. வெளி ஃபங்ஷனுக்கு முன்னால் ஏசிங்க் என்று குறித்து, ஆக்சியாஸ் அழைப்புக்கு முன்னால் அவெய்ட் இட்டு, கிடைத்த ரெஸ்பான்ஸிலிருந்து டேட்டாவை ரிட்டர்ன் செய்யுங்கள். அவெய்ட் வந்த இடத்தில் அந்த ஃபங்ஷன் மட்டும் இடைநிறுத்தப்படுகிறது. இழை விடுபட்டு மற்ற வேலைகளைப் பார்க்கிறது. பதில் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பலரும் மறக்கும் மறுபாதி இது: ஏசிங்க் என்று குறித்த ஃபங்ஷன் எதை ரிட்டர்ன் செய்தாலும் வெளியே போவது ப்ராமிஸ்தான், ஆகவே அதை அழைப்பவரும் அவெய்ட் இட வேண்டும், அவரை அழைப்பவரும் அப்படியே. இது மேல்நோக்கித் தொற்றிக்கொண்டே போகும் என்று சிலர் குறைப்படுவார்கள்; குறை நியாயமானதுதான், ஆனால் தப்பிக்க வழியில்லை. தொற்று நிற்கும் இடம் ஒன்று உண்டு: பொத்தானைச் சொடுக்கியபோதோ பக்கம் திறந்தபோதோ ஓடும் கையாளும் ஃபங்ஷன். அங்கே மதிப்பை யாருக்கும் திருப்பித் தர வேண்டியதில்லை. வந்ததைத் திரையில் எழுதினால் போதும். 'மதிப்பைத் திருப்பிக் கொடு' என்று யோசிப்பதை விட்டு 'மதிப்பு வந்ததும் இதைச் செய்' என்று யோசிக்கப் பழகினால், செட்டைம்அவுட்டை நாடும் எண்ணமே எழாது.

லைப்ரரி விஷயத்துக்குக் கொஞ்சம் வரலாறு உதவும். பக்கத்தைப் புதிதாக ஏற்றாமல் பின்னணியில் சர்வரோடு பேசும் வசதி, மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் மின்னஞ்சலை உலாவி வழியே தருவதற்காக எழுந்தது. 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-உடன் வெளிவந்தது. எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட் என்ற வாய் வலிக்கும் பெயர் அதன் வழி வந்தது. ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் 2005-இல் ஏஜாக்ஸ் என்ற பெயரைச் சூட்டினார். 2006-இல் வந்த ஜேகுவரி அதை நான்கு வரியில் அடக்கியது. ப்ராமிஸ் 2015-இல் மொழியின் தரத்துக்குள்ளேயே வந்தது, ஏசிங்கும் அவெய்ட்டும் 2017-இல் வந்தன. ஆக்சியாஸ் 2014-இல் பிறந்தது. உலாவிக்குள் அது வழக்கமாக அந்தப் பழைய எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வெஸ்ட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஃபெட்ச் உலாவியிலேயே உள்ளது. 2015-இல் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்தது. உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடில் 18-ஆம் பதிப்பிலிருந்து கூடுதலாக எதையும் நிறுவாமலே கிடைக்கிறது. இவை எல்லாவற்றிலும் வழக்கமாகப் பதில் பிறகுதான் வரும். சீட்டின் அச்சுதான் வேறு.

ஆயினும் இரண்டுக்கும் இடையே உங்களைப் பாதிக்கக்கூடிய வேறுபாடுகள் உண்டு; மாறுவதாக இருந்தால் தெரிந்து மாறுங்கள். சர்வர் 404 அல்லது 500 போன்ற பிழை எண்ணோடு பதில் தந்தால் ஆக்சியாஸ் அதைத் தோல்வியாகக் கருதி, தோல்வியைக் கையாளும் கேட்ச் பகுதிக்கு அனுப்பும். அதன் இயல்புநிலையில் 200 முதல் 299 வரைதான் வெற்றி. ஃபெட்ச் அப்படி அன்று: பதில் என்று ஏதோ ஒன்று வந்துவிட்டால் அதற்கு அது வெற்றிதான், 500 வந்தாலும் கேட்ச் ஓடாது, 'ஓகே' என்ற பண்பை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக்சியாஸிலிருந்து ஃபெட்சுக்கு மாற்றிய ஒரு திட்டத்தில் இதை மறந்ததால், பிழைச் செய்தியைப் பெயர்ப் பட்டியலாகக் காட்டிய பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். சர்வர் தரவை அனுப்பும் எழுத்து வடிவமான ஜேசானை ஆக்சியாஸ் தானே பிரித்துத் தரும். ஃபெட்சில் அதற்கு இன்னொரு அவெய்ட் தேவை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் அடையாளச் சாவியைச் சேர்ப்பது போன்ற பொதுவேலைகளை ஆக்சியாஸில் கோரிக்கை போகுமுன் ஓடும் இன்டர்செப்டரில் ஒரே இடத்தில் எழுதலாம். ஃபெட்சில் நீங்களே ஓர் உறை ஃபங்ஷன் எழுத வேண்டும். நான் புதிதாகத் தொடங்கும் சிறு திட்டங்களில் ஃபெட்சையே பயன்படுத்துகிறேன். ஆனால் ஏற்கெனவே ஆக்சியாஸ் ஓடும் இடத்தில் அதைப் பிடுங்குவதற்கு உங்கள் கேள்வியில் ஒரு காரணமும் இல்லை.

ஒரு கோரிக்கை எத்தனை நேரம் காத்திருக்கலாம் என்பதைச் சொல்வதுதான் நேரத்துக்குரிய சரியான இடம். ஆக்சியாஸில் டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு பூஜ்யம்; அதற்குப் பொருள் தன் பங்குக்கு எல்லையே வைக்காது என்பது. 10 வினாடி என்று நீங்கள் குறித்தால், அதற்குள் வராத பதில் தோல்வியாகிக் கேட்சுக்கு வரும். ஃபெட்சில் இதற்கு அபார்ட்சிக்னலின் டைம்அவுட்டைப் பயன்படுத்தலாம். செட்டைம்அவுட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது: அது இரண்டு வினாடி கழித்துப் பதில் வந்திருக்கும் என்று ஊகிக்கிறது; இது பதில் எப்போது வந்தாலும் அப்போதே ஏற்றுக்கொண்டு, எல்லை தாண்டினால் மட்டும் கைவிடுகிறது.

இனி பிஜியில் காலியாக வருவது. இங்கிருந்து என் பேச்சில் உறுதி குறைகிறது. பெரும்பாலும் அங்கே வைஃபை மெதுவாக இருந்து இரண்டு வினாடி கடந்திருக்கும். அவெய்ட் போட்டதும் சரியாகிவிடலாம். ஆனால் வேறு இரண்டு சாத்தியங்களையும் விலக்க வேண்டும். அந்தச் சர்வர் அலுவலக நெட்வொர்க்குக்குள் மட்டும் தெரியும் உள்முகவரியாக இருந்தால், விபிஎன் (வெளியிலிருந்து அந்த நெட்வொர்க்குக்குள் நுழையும் வழி) இல்லாமல் பிஜியிலிருந்து எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் பதில் வராது. மற்றொன்று நுட்பமானது. விடுதி வைஃபைகள் சில, உள்நுழையாத பயனர் எதைக் கேட்டாலும் தங்கள் உள்நுழைவுப் பக்கத்தைத் தருகின்றன. உங்கள் முகவரி மறையாக்கம் செய்த எச்டிடிபிஎஸ் என்றால் அது நடக்காது, கோரிக்கை தோல்வியடையும்; வெறும் எச்டிடிபி என்றால், 200 என்ற நல்ல எண்ணோடு ஓர் எச்டிஎம்எல் பக்கம் வந்து சேரக்கூடும். ஜேசானாகப் பிரிக்க முடியாத பதிலை ஆக்சியாஸ் இயல்புநிலையில் புகார் சொல்லாமல் வெறும் எழுத்துச்சரமாகவே கொடுத்துவிடும். அந்தச் சரத்திடம் ஊழியர் பட்டியலைக் கேட்டால் மறுபடியும் 'அன்டிஃபைன்டு'. அறிகுறி ஒன்று, நோய் வேறு. வந்தது பட்டியல்தானா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் பயன்படுத்துவது ஒரு வரி வேலை; போடுங்கள்.

தோல்வியைக் கையாளும் பகுதியை உங்கள் கேள்வியில் எங்குமே காணவில்லை. அதனால்தான் இந்தச் சாத்தியங்களை வேறுபடுத்த உங்களால் முடியவில்லை என்று நினைக்கிறேன். ட்ரையும் கேட்சும் போட்டு, கேட்சில் வரும் எர்ரரைப் பாருங்கள். அதில் ரெஸ்பான்ஸ் இருந்தால் சர்வர் பேசியிருக்கிறது, மறுத்துப் பேசியிருக்கிறது: 401 என்றால் உள்நுழைவு காலாவதி, 403 என்றால் அனுமதி இல்லை, 500 என்றால் அவர்கள் பக்கக் கோளாறு. ரெஸ்பான்ஸ் இல்லாமல் ரிக்வெஸ்ட் மட்டும் இருந்தால் கோரிக்கை போனது, பதில் கைக்கு வரவில்லை. இரண்டும் இல்லையென்றால் அனுப்புவதற்கு முன்பே உங்கள் நிரலில் ஏதோ பிசகு. நடுவில் உள்ள வகையில் ஒரு சிக்கல் உண்டு. வேறு முகவரியிலுள்ள சர்வர், தன் பதிலை உங்கள் பக்கம் படிக்கலாம் என்று சொல்லும் கார்ஸ் அனுமதித் தலைப்பைத் தராவிட்டால், பதில் வந்திருந்தாலும் உலாவி அதை உங்கள் நிரலுக்குக் காட்டாது. நிரலின் கண்ணுக்கு அது இணைப்பு அறுந்தது போலவே 'நெட்வொர்க் எர்ரர்' என்று தெரியும். உண்மைக் காரணம் கன்சோலில் சிவப்பு எழுத்தில் இருக்கும். நிரலால் அதைப் படிக்க முடியாது. இது பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படி வைக்கப்பட்டது. கார்ஸைச் சரிசெய்ய வேண்டியவர் சர்வர்காரர். முன்புறத்தில் எத்தனை தலைப்பைச் சேர்த்தாலும் பயனில்லை.

கூட்டுத்தொகை பூஜ்யமாவதற்கு வருகிறேன். இதில் ஐயமே இல்லை. ஃபார்ஈச்சுக்குள் கொடுத்த ஃபங்ஷனுக்கு ஏசிங்க் என்று குறித்திருப்பீர்கள். அது ஒவ்வொரு முறையும் ஒரு ப்ராமிஸைத் தருகிறது. ஃபார்ஈச் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் 40 பேரையும் ஒரே மூச்சில் அழைத்துவிட்டு முடிந்துவிடுகிறது. கூட்டுத்தொகையை நீங்கள் அச்சிடும்போது ஒரு பதிலும் வந்திருக்காது. ஃபார்-ஆஃப் சுற்றுக்குள் அவெய்ட் இட்டால் விடை சரியாக வரும், ஆனால் ஒருவர் முடிந்த பிறகே அடுத்தவர். ஒவ்வொன்றுக்கும் 200 மில்லிவினாடி என்று வைத்தால் 40 பேருக்கு 8 வினாடி. பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு விளைவைச் சேர்த்துத் தரும் மேப் கொண்டு 40 ப்ராமிஸ்களை உண்டாக்கி ப்ராமிஸ்.ஆல் மூலம் ஒன்றாகக் காத்திருந்தால் கணக்கு மாறும். பழைய எச்டிடிபி 1.1-இல் ஒரு சர்வருக்கு 6 இணைப்புகள் என்பது உலாவிகளின் வழக்கமான எல்லை. ஆறு ஆறாகப் போனாலும் ஏழு சுற்றில், ஏறக்குறைய ஒன்றரை வினாடியில் முடியும். எச்டிடிபி 2 என்றால் ஒரே இணைப்பில் அனைத்தும் போகும். ப்ராமிஸ்.ஆல் கண்டிப்பானது: 40-இல் ஒன்று தோற்றாலும் முழுவதையும் தோல்வியாகவே அறிவிக்கும், மற்ற 39 கோரிக்கைகள் நடந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் விடை கைக்கு வராது. வந்தவரை போதும் என்றால் 2020-இல் தரத்தில் சேர்ந்த ப்ராமிஸ்.ஆல்செட்டில்டு பொருந்தும். விடுப்புக் கணக்கில் ஒருவர் விடுபட்ட கூட்டுத்தொகையைச் சரியான தொகைபோலக் காட்டுவது தவறு என்பதால், உங்கள் இடத்தில் நான் ப்ராமிஸ்.ஆலையே வைப்பேன். அதைவிட நல்லது, சர்வர் எழுதுபவரிடம் நேரில் போய், 40 பேரின் கணக்கையும் ஒரே அழைப்பில் தரச் சொல்வது. ஒரு தேநீர் செலவில் முடியக்கூடிய வேலைக்கு நாம் பல நேரங்களில் 60 வரி எழுதுகிறோம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் பக்கத்தில் பெயர் தேடும் பெட்டி இருப்பதாக எழுதியிருப்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. பதில்கள் கேட்ட வரிசையில் வந்துசேரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மெட்ரோவின் ஊதாத் தடத்தில் கப்பன் பார்க்கிலிருந்து மெஜஸ்டிக் வரை சுரங்கத்துக்குள் போகும்போது, நான் எழுதிய ஒரு பக்கத்தையே சோதித்துக்கொண்டிருந்தேன். 'மு' என்று தட்டியதும் ஒரு கோரிக்கை, 'முரு' என்றதும் அடுத்தது, 'முருகன்' என்றதும் மூன்றாவது. சிக்னல் போய்ப் போய் வந்ததில் மூன்றாவதன் பதில் முதலில் வந்தது. பெட்டியில் 'முருகன்' என்று இருக்க, நிதானமாக வந்த முதல் கோரிக்கையின் பதில் அதை அழித்துவிட்டு முத்துக்களையும் முனியாண்டிகளையும் வரிசையாகக் காட்டியது. நிரலில் எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. தட்டுவது நின்று 300 மில்லிவினாடி கழித்துக் கேட்கும் உத்தி கோரிக்கைகளைக் குறைக்கும். இந்தச் சிக்கலைத் தீர்க்காது. தீர்ப்பதற்கு, புதிய கோரிக்கை கிளம்பும்போது பழையதை அபார்ட்கன்ட்ரோலர் மூலம் ரத்து செய்யுங்கள். ஆக்சியாஸிலும் ஃபெட்சிலும் அது வேலை செய்யும். ஆக்சியாஸின் பழைய பாடங்களில் வரும் கேன்சல்டோக்கனை இப்போது பயன்படுத்த வேண்டாம், அது கைவிடப்பட்ட வழி. ரத்தான கோரிக்கையும் கேட்சுக்குத்தான் வரும் என்பதால், அதைத் தோல்வியென்று பயனருக்குச் சிவப்பில் காட்டிவிடாமல் பிரித்தறிய வேண்டும். ரியாக்டில் என்றால் யூஸ்எஃபெக்ட் திருப்பித் தரும் துப்புரவு ஃபங்ஷன்தான் ரத்து செய்வதற்குரிய இடம்.

ரத்து செய்வதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. உலாவியில் ரத்து செய்தால், பதிலுக்காகக் காத்திருப்பதை நீங்கள் நிறுத்துகிறீர்கள். சர்வருக்குப் போய்ச்சேர்ந்துவிட்ட கோரிக்கையின் விளைவு அங்கே நடந்து முடிந்திருக்கலாம். டைம்அவுட்டுக்கும் இதே விதி. பட்டியலைப் படிக்கும் கெட் கோரிக்கையில் இதனால் நட்டமில்லை, மறுபடி கேட்டுக்கொள்ளலாம். ஆனால் விடுப்பு விண்ணப்பத்தை அனுப்பும் போஸ்ட் கோரிக்கையில், டைம்அவுட் ஆனதும் தானாக மீண்டும் அனுப்பும்படி எழுதிவைத்தால், ஒரே ஊழியருக்கு இரண்டு விண்ணப்பங்கள் பதிவாகும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் தீபாவளி வாரத்தில் இது நடந்தது. ஊருக்குப் பேருந்து பிடிக்கும் அவசரத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் விண்ணப்பித்ததில் சர்வர் தாமதித்தது, எங்கள் நிரல் விசுவாசமாக மூன்று முறை அனுப்பியது, பலருடைய விடுப்புக் கணக்கு எதிர்மறைக்குப் போனது. அன்றிலிருந்து நான் கெட்டை மட்டும் தானாக மறுமுறை அனுப்புகிறேன். அதிலும் இடைவெளியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கி, மூன்று முறைக்கு மேல் போகாமல். போஸ்ட்டுக்கு, ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் ஒரு தனி அடையாள எண்ணை அனுப்பி, அதே எண் மறுபடி வந்தால் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே தரும்படி சர்வர்காரரிடம் ஏற்பாடு செய்துகொள்வது பாதுகாப்பான வழி. அது அமையும்வரை, அனுப்பியதும் பொத்தானை முடக்கி, வெற்றியோ தோல்வியோ தெரிந்ததும் ஃபைனலி பகுதியில் மீண்டும் திறந்து வையுங்கள்.

சோதிப்பதற்கு நீங்கள் பிஜிக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். எஃப்12 அழுத்தினால் வரும் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, வேகத்தைக் குறைக்கும் தேர்வில் 3ஜி என்று வைத்து, அலுவலகத்திலேயே பக்கத்தை ஏற்றிப் பாருங்கள். பிறகு ஆஃப்லைன் என்று வைத்து இன்னொரு முறை. செட்டைம்அவுட் வரியை நீக்கி அவெய்ட் இட்ட பிறகும் பட்டியல் காலியாக இருந்தால், அதே பகுதியில் அந்தக் கோரிக்கையின் நிலை எண்ணையும், பதிலின் முதல் சில வரிகளையும், கன்சோலில் சிவப்பாக ஏதேனும் இருந்தால் அதையும் உங்கள் கேள்வியில் சேருங்கள். ஊழியர்களின் பெயர்களையும் ஆதரைசேஷன் தலைப்பில் உள்ள சாவியையும் அழித்துவிட்டு. அந்த மூன்றும் இருந்தால் விபிஎன்னா, விடுதியின் உள்நுழைவுப் பக்கமா, கார்ஸா என்பதை ஊகிக்க வேண்டியிருக்காது.